தம்பிக்கு இருமல் நின்றுவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது

கேள்வி:

நாங்கள் வியாசர்பாடியில் ஒரு ரூமும் சமையல்கட்டும் உள்ள வாடகை வீட்டில் இருக்கிறோம். அம்மா, நான், தம்பி, மூன்றே பேர். தம்பிக்கு 26 வயது, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. விடாத இருமல், ராத்திரி வேர்வை என்று இருந்து, சளி பரிசோதனையில் நுரையீரல் டிபி என்று வந்தது. சாதாரண மருந்துக்கே கட்டுப்படும் டிபிதான் என்றார்கள். ஏழு வாரமாக மாத்திரை சாப்பிடுகிறான். இருமல் நின்றுவிட்டது, எடையும் 44 கிலோவிலிருந்து 47 ஆகியிருக்கிறது.

ஆனால் ஆளே மாறிவிட்டான். அம்மா அவனுக்குத் தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியாக வைத்துவிட்டார். எங்கள் சாப்பாடு முடிந்த பிறகுதான் அவன் சாப்பிடுகிறான். தூங்கும்போதுகூட மாஸ்க். சாயங்காலம் ஆனால் கேரம் கிளப்பில் கிடப்பவன், இப்போது மொட்டை மாடிப் படிக்கட்டைவிட்டு இறங்குவதில்லை. எனக்கு வரன் பார்க்கிறார்கள் என்பதால் அக்கம்பக்கத்தில் மஞ்சள்காமாலை என்று அம்மா சொல்லிவைத்திருக்கிறார். ஹெல்த் விசிட்டர் வீட்டுக்கு வரக்கூடாது என்று தம்பியும் சண்டை போடுகிறான். போன வாரம் மூன்று நாள் மாத்திரைகளைக் குப்பைக் கவரில் பார்த்தேன். கேட்டதற்கு, "நான் போய்ட்டா உங்க எல்லாருக்கும் நிம்மதிதானே" என்றான். இது மாத்திரை செய்கிற வேலையா? மனநல டாக்டரிடம் காட்டலாம் என்றால், "புள்ளைய கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் பாக்குறியா" என்று அம்மா அழுகிறார். அவன் துணியைக்கூடத் தனியாகத் துவைக்க வேண்டுமா? எனக்கு எதுவும் புரியவில்லை.

வாசகி, வியாசர்பாடி

பதில்:

உங்கள் கேள்விகளுக்கு எழுதிய வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. குப்பைக் கவரில் கிடந்த மாத்திரையையும், "நான் போய்ட்டா" என்ற பேச்சையும் முதலில் எடுத்துக்கொள்வோம். மற்றவை ஒரு வாரம் பொறுக்கும், இவை பொறுக்காது.

அந்தப் பேச்சைக் கோபத்தில் வந்த வார்த்தை என்று விட்டுவிடாதீர்கள். "அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைத்தும் விடாதீர்கள். இன்று ராத்திரியே, அம்மா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, அவனிடம் நேராகக் கேளுங்கள்: "அன்னைக்கு அப்படிச் சொன்னியே, செத்துடலாம்னு நெஜமாவே தோணுதா?" ஆமாம் என்றால், "எப்படின்னு யோசிச்சிருக்கியா? இன்னைக்கும் அந்த நெனப்பு இருக்கா?" என்று கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உள்ளே வைத்துப் புழுங்கிக்கொண்டிருப்பவருக்கு, ஒருவர் பதறாமல் கேட்பதே பெரிய ஆறுதல். பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். அறிவுரை, சத்தியம் வாங்குவது, "அம்மாவை நெனச்சுப் பார்த்தியா" என்பது எதுவும் வேண்டாம். அவன் ஏற்கெனவே அம்மாவை நினைத்துத்தான் இப்படிப் பேசுகிறான்.

எப்படி, எப்போது என்று யோசித்துவைத்திருக்கிறான் என்று தெரிந்தால் அவனைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், இல்லை 108-ஐக் கூப்பிடுங்கள். "செத்தா தேவலைன்னு சில நேரம் தோணும், ஆனா எதுவும் செஞ்சுக்க மாட்டேன்" என்ற அளவில் இருந்தால், இரண்டு மூன்று நாளுக்குள் மனநல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. அரசின் 104 எண்ணும், சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கும் சினேகாவின் 044-24640050 எண்ணும் உண்டு. மூன்றையும் அவன் போனில் நீங்களே பதிந்துவிடுங்கள்.

இன்னொன்றும் இன்றைக்கே செய்ய வேண்டும். மாத்திரை அட்டைகள் மொத்தமும் அவன் கையில் இருக்க வேண்டாம். அளவுக்கு மீறிப் போனால் டிபி மாத்திரையும் உயிருக்கு ஆபத்துதான். அட்டைகள் உங்களிடம் இருக்கட்டும். தினமும் அன்றைய வேளையை மட்டும் எடுத்துக் கொடுங்கள், தண்ணீர் கொடுத்து அவன் விழுங்கும்வரை பக்கத்தில் இருங்கள். காவல் காப்பதுபோல் முறைத்துக்கொண்டு நிற்காதீர்கள், ஏதாவது பேசிக்கொண்டிருந்தாலே போதும்.

மூன்று நாள் விட்டதற்காக எல்லாம் பாழாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். விட்டதை ஈடுகட்ட ஒரே நாளில் இரட்டிப்பாகக் கொடுக்கவும் கூடாது, அது ஈரலைத்தான் தாக்கும். 47 கிலோ எடைக்கு அவனுக்குத் தினமும் மூன்று மாத்திரை கொடுத்திருப்பார்கள். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் என்ற நான்கு மருந்தும் ஒவ்வொரு மாத்திரையிலும் சேர்ந்திருக்கும். முதல் கட்டத்துக்கு மொத்தம் 56 வேளை. விட்ட மூன்று வேளையைக் கடைசியில் சேர்த்து 56-ஐ நிறைவு செய்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். அடுத்த கட்டம் நான்கு மாதம், அதில் பைரசினமைடு இருக்காது, மற்ற மூன்று மருந்துகள் தொடரும். ஆனால் விட்டதை டிபி பிரிவில் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மூன்று நாளை மறைப்பவர்கள்தான் பிறகு பத்து நாளையும் மறைக்கிறார்கள். விட்டு விட்டுச் சாப்பிடும்போது கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டால், ஆறு மாதத்தில் முடிய வேண்டியது வேறு மருந்துகள், வேறு பக்கவிளைவுகள் என்று போய்விடும்.

இனி, இது மாத்திரை செய்கிற வேலையா என்ற கேள்வி. பெரும்பாலும் இல்லை, ஆனால் அந்தச் சந்தேகத்தை ஒதுக்கவும் கூடாது. ஐசோனியாசிட் அபூர்வமாக மனத்தைக் கலைக்கும். முன்பே மனநோய் இருந்தவர்கள், அதிகம் குடிப்பவர்கள், உடம்பில் பி6 வைட்டமின் குறைந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு சற்று அதிகம். டிபி மாத்திரையோடு பைரிடாக்சின் என்று ஒரு சின்ன மாத்திரை கொடுப்பது இதற்காகவும், கைகால் மரத்துப்போகாமல் இருக்கவும்தான். சத்து மாத்திரைதானே என்று பலர் முதலில் விடுவது இதைத்தான். அவன் சாப்பிடுகிறானா என்று பாருங்கள். மருந்தால் வரும் கலக்கம் பொதுவாகத் திடீரென்று வரும்: இரண்டு மூன்று நாளில் தூக்கம் அறவே போவது, காரணமில்லாத சந்தேகம், காதில் குரல் கேட்பது, சம்பந்தமில்லாத பேச்சு. இவை தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், மருந்தை நிறுத்துவதா மாற்றுவதா என்று அவர்தான் முடிவு செய்வார். மருந்துக்குக் கட்டுப்படாத டிபிக்குச் சிலருக்குக் கொடுக்கும் சைக்ளோசெரினில் மனச்சோர்வும் மனக்குழப்பமும் இன்னும் அதிகமாக வரும். உங்கள் தம்பி அதைச் சாப்பிடவில்லை.

நீங்கள் எழுதியிருப்பது அப்படித் திடீரென்று வந்ததாகத் தெரியவில்லை. தட்டு பிரிந்தது, கிளப் நின்றது, மாஸ்க் கழலவில்லை, பிறகு மாத்திரை குப்பைக்குப் போனது என்று படிப்படியாக இறங்கியிருக்கிறது. மனச்சோர்வு நோய் பெரும்பாலும் இப்படித்தான் இறங்கும். டிபியில் இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அசதி, பசியின்மை, எடை குறைவது, தூக்கம் கெடுவது எல்லாம் டிபியிலும் வரும், மனச்சோர்விலும் வரும். அதனால் "டிபின்னா அப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவனுக்கு இருமல் நின்று எடை ஏறுகிறது, அதாவது உடம்பு தேறுகிறது. அப்படியிருந்தும் மனம் மட்டும் கீழே போவதுதான் இங்கே முக்கியமான தடயம். முன்பு பிடித்ததில் இப்போது ஆசை இல்லாமல் இருப்பது, தான் மற்றவர்களுக்குப் பாரம் என்ற நினைப்பு, தன் தப்பால்தான் நோய் வந்தது என்ற குற்ற உணர்வு, சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் இருந்தால் அதற்குச் சிகிச்சை வேண்டும். அதை "கவலை" என்று சொல்லிக் கடந்துபோக முடியாது.

அம்மாவின் தட்டு விஷயத்துக்கு வருவோம். அவரைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. மருந்து இல்லாத காலத்தில் டிபி வந்தவரை ஊருக்கு வெளியே சானடோரியம் என்ற டிபி ஆஸ்பத்திரியில்தான் வைத்திருந்தார்கள். தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். அந்தப் பயம் குடும்பங்களில் கைமாறி வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பயம் இனி தேவையில்லை என்று உலகத்துக்குக் காட்டியதும் இதே ஊர்தான். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி மையத்தில், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினரை நெரிசலான அவர்கள் சொந்த வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்குச் சத்தான சாப்பாடும் இல்லை, ஓய்வும் இல்லை. ஆனாலும் குணமாவதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் வீட்டுக்கு முக்கியமான பகுதி அடுத்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தினருக்கு, நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட டிபி கூடுதலாக வரவில்லை. மருந்து தொடங்கும் முன், கண்டுபிடிக்காமல் இருமிக்கொண்டிருந்த மாதங்களில்தான் கிருமி பரவுகிறது. 1959 முதல் வெளிவந்த இந்த முடிவுகளுக்குப் பிறகுதான் உலகம் முழுவதும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டன.

அதனால் ஏழு வாரத்துக்குப் பிறகு தட்டைப் பிரிப்பதால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. தட்டு, டம்ளர், பாய், துணி வழியாக டிபி எப்போதுமே பரவுவதில்லை, அது காற்றில் பரவுவது. துணியை ஒரே பக்கெட்டில் ஊறப்போடலாம். சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அந்த முதல் இரண்டு வாரத்துக்குத்தான் மாஸ்க், திறந்த ஜன்னல், தள்ளிப் படுப்பது எல்லாம். நுரையீரல் அல்லாமல் கழுத்துக் கட்டியிலோ எலும்பிலோ மட்டும் டிபி இருந்தால் அதுகூடத் தேவைப்படாது.

இதை நீங்கள் சொன்னால் அம்மா நம்ப மாட்டார், மகள் தம்பிக்குப் பரிந்து பேசுகிறாள் என்றுதான் நினைப்பார். இதற்கு ஒரு நல்ல சந்தர்ப்பம் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் கட்டம் முடியும்போது மறுபடியும் சளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இன்னும் பத்து நாளில் அது வரும். அன்று அம்மாவையும் கூட்டிப்போங்கள். கிருமி இல்லை என்று வந்ததும் அம்மா எதிரிலேயே மருத்துவரிடம் மூன்று கேள்வியை நீங்களே கேளுங்கள்: ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாமா, வீட்டில் மாஸ்க் வேண்டுமா, பக்கத்தில் படுக்கலாமா. பதில் மருத்துவர் வாயிலிருந்து வர வேண்டும். அன்று ராத்திரியே மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிடுங்கள். தனித் தட்டை எல்லாத் தட்டோடும் கலந்துவிடுங்கள். அதைப் பற்றி ஒரு பேச்சும் வேண்டாம், மன்னிப்பு கேட்கும் சடங்கும் வேண்டாம்.

ஒருவேளை சளியில் இன்னும் கிருமி தெரிந்தால்? அது நடப்பதுதான். செத்த கிருமியும் மைக்ராஸ்கோப்பில் தெரியும். மருந்து வேலை செய்யவில்லையோ என்று பார்க்க ரெசிஸ்டன்ஸ் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதுவரை ஜன்னல் பக்கம் படுக்கை, ஆட்கள் நடுவே மாஸ்க் என்று இருந்தால் போதும். அப்போதும் தட்டு, டம்ளருக்கு இதில் வேலை இல்லை. இன்னொன்று, சீக்கிரம் தெரியட்டும் என்று தனியார் லேபில் சி.பி.நாட் என்ற மரபணுப் பரிசோதனை எடுத்துப் பார்க்காதீர்கள். செத்த கிருமியின் மரபணுவையும் அது காட்டும். சிகிச்சை நடுவில் அதில் பாசிட்டிவ் என்று வந்து குடும்பமே கலங்கிப்போவது வழக்கமாக நடக்கிறது.

அம்மாவும் நீங்களும் பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று எழுதவில்லை. உடனே செய்துகொள்ளுங்கள். அறிகுறி கேட்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். டிபி இல்லை என்றால் வராமல் தடுக்கும் மருந்து உண்டு. வாரம் ஒரு முறை வீதம் 12 வாரம் சாப்பிடுவது ஒன்று, ஐசோனியாசிட்டை ஆறு மாதம் தினமும் சாப்பிடுவது இன்னொன்று. இதில் உடம்புக்கு மட்டும் நன்மை என்றில்லை. அக்காவும் அம்மாவும் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தால், வீட்டில் தான் ஒருவன் மட்டும் சீக்காளி என்ற நிலைமை அவனுக்கு மாறும்.

மாஸ்க்கை அவன் கழற்ற மாட்டான், மருத்துவர் சொன்னாலும் உடனே மாட்டான். கிருமி பயத்தில் தொடங்கியது, இப்போது முகத்தை மறைத்துக்கொள்ள உதவுகிறது. பிடுங்காதீர்கள். முதலில் மொட்டை மாடியில், நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது கழற்றட்டும். பிறகு சாப்பிடும்போது, பிறகு தூங்கும்போது. ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு நாள் விட்டால் போதும். கேரம் கிளப்புக்கும் அதே வழிதான். கூட்டமாக இருக்கும் சாயங்காலத்தில் முதல் நாளே அனுப்பாதீர்கள், நெருக்கமான ஒரு நண்பனை மாடிக்கு வரச் சொல்லி ஒரு போர்டு ஆடட்டும். காயிலும் ஸ்ட்ரைக்கரிலும் கிருமி பரவாது என்று அந்த நண்பனுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. "தைரியமா இரு" என்று தினமும் சொல்வதைவிட, காலையில் எந்த நேரத்துக்கு எழுவது, மாத்திரை, குளியல், தெருமுனைவரை ஒரு நடை என்று நேரம் குறித்துக்கொண்டு செய்வது மனச்சோர்வுக்கு நிஜமாகவே உதவும். ஆசை வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் ஆசை வராது. செய்யத் தொடங்கிய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

மஞ்சள்காமாலை என்று சொன்னதில் நீங்கள் எதிர்பார்க்காத ஒரு வினை இருக்கிறது. அக்கம்பக்கத்தார் கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவருவார்கள், எண்ணெய் கூடாது, கறி கூடாது என்று பத்தியம் சொல்வார்கள். ஊர் வாய்க்காக அம்மாவும் அதைக் கடைப்பிடிக்க ஆரம்பித்தால், முட்டை, பருப்பு, மீன், எண்ணெய் எல்லாம் வேண்டிய 47 கிலோ உடம்புக்கு எதுவும் போகாது. டிபி மாத்திரைகள் ஈரல் வழியாகப் போகிறவை. அதோடு நாட்டு மருந்தையும் கொடுத்தால், ஈரல் கெடும்போது எதனால் என்றே தெரியாது. நிஜமாகவே கண் மஞ்சளாகி, வாந்தி வந்து, சாப்பாடே பிடிக்காமல் போனால் அது மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். "ஏற்கெனவே காமாலைதானே" என்று பக்கத்து வீட்டார் சமாதானம் சொல்ல இடம் கொடுத்துவிட்டீர்கள். மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போவது மட்டும் ரிஃபாம்பிசினால் வருவது, அதற்குப் பயம் வேண்டாம்.

அதற்காக ஊரெல்லாம் டிபி என்று சொல்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். யாரிடம் சொல்வது என்பது தம்பியின் உரிமை, வீட்டார் தீர்மானிப்பதல்ல. பொய் சொல்லாமலும் தப்பிக்கலாம்: "நுரையீரல்ல இன்ஃபெக்‌ஷன், மாத்திரை சாப்பிடுறான், இப்போ தேறிட்டான்." இதற்கு மேல் கேட்பவருக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. உங்கள் வரன் விஷயத்தில் டிபி பரம்பரை நோயல்ல, தம்பியின் மருத்துவச் சீட்டு மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேவையும் இல்லை. ஆனால் "உன்னாலதான் அக்கா கல்யாணம் நிக்குது" என்று அவன் காதில் விழும்படி ஒரு வார்த்தை வந்திருந்தால், அது மாத்திரையைக் குப்பையில் போட வைக்கப் போதும். வந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். வந்திருந்தால், கல்யாணம் அவனால் நிற்கவில்லை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், அம்மா சொன்னால் அவனுக்கு அது சமாதானமாகத்தான் கேட்கும். (இதே நோய் உங்களுக்கு வந்து தம்பிக்குப் பெண் பார்த்திருந்தால் நிலைமை இதைவிட மோசமாக இருந்திருக்கும். டிபி வந்த பெண்களைப் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டும் கைவிடுவது இன்னும் நடக்கிறது.)

ஹெல்த் விசிட்டர் வீட்டுக்கு வருவது அவனுக்குப் பிடிக்கவில்லை என்றால், டிபி பிரிவில் அவனே பேசலாம். சுகாதார நிலையத்திலேயே பார்ப்பது, போனில் விசாரிப்பது, பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரை மாத்திரை கண்காணிக்க வைப்பது, குடும்பத்தில் ஒருவரே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் வழி உண்டு. அவன் வேண்டாம் என்பது தெருவில் எல்லோரும் பார்ப்பதை, சிகிச்சையை அல்ல. சிகிச்சை முடித்துக் குணமான சிலர் டிபி சாம்பியன் என்ற பெயரில் புதியவர்களுக்குத் துணையாக இருப்பார்கள். அப்படி ஒருவரை அவனோடு பேசவைக்க முடியுமா என்று கேளுங்கள். நீங்கள், நான், மருத்துவர் சொல்வதைவிட, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போகும் ஒருவர் சொல்வது அவனுக்கு நன்றாகக் கேட்கும்.

வேலைக்குப் போகாமல் சம்பளம் நின்றிருந்தால், அது அவன் பேச்சில் நேரடியாக வரவில்லை என்றாலும், "நான் பாரம்" என்ற நினைப்பில் அதற்கு எப்போதும் ஒரு பங்கு உண்டு. அவன் சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஈஎஸ்ஐ-க்குப் பணம் கட்டிய நாட்கள் போதுமான அளவு இருக்கும் பட்சத்தில், மருத்துவ விடுப்பில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். இரண்டு வருடமாவது தொடர்ந்து ஈஎஸ்ஐ-யில் இருந்தவர்களுக்கு, டிபி போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் என்று மேலும் நீட்டிப்பும் உண்டு. அயனாவரம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியிலோ உங்கள் பகுதி ஈஎஸ்ஐ டிஸ்பென்சரியிலோ சான்றிதழ் விவரம் கேளுங்கள். நிக்‌ஷய் போஷண் என்ற, டிபி நோயாளிகளின் சத்துணவுக்கான அரசுத் திட்டத்தில் சிகிச்சை முடியும்வரை மாதம் 1000 ரூபாய் அவன் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும், 2024 நவம்பருக்கு முன்பு அது 500 ஆக இருந்தது. வரவில்லை என்றால் வங்கிக் கணக்கு எண்ணைச் சரியாகப் பதிந்திருக்கிறார்களா என்று டிபி பிரிவில் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பணம் அவன் கையில் இருக்கட்டும், முட்டையும் மீனும் அவனே வாங்கி வரட்டும். வேலைக்கு எப்போது போகலாம் என்பதை சளி முடிவுக்குப் பிறகு மருத்துவரிடம் கேளுங்கள். கனமான வேலையாக இருந்தால் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் ஆறு மாதமும் வீட்டில் கிடக்க அவசியம் இல்லை.

மனநல டாக்டரிடம் போவதென்றால் கீழ்ப்பாக்கம்தான் என்று அம்மா நினைக்கிறார். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் மற்ற ஆஸ்பத்திரிபோலவே காலையில் போய்ச் சீட்டுப் போட்டு, டாக்டரைப் பார்த்து, மத்தியானம் வீட்டுக்கு வருபவர்கள்தான் ஏராளம். ஆனாலும் இந்த நேரத்தில் அம்மாவோடு அதற்கு வாதாட வேண்டாம். உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லியில் மனநலப் புற நோயாளிகள் பிரிவு இருக்கிறது. டிபி மருத்துவரிடமே, "மாத்திரையைக் குப்பையில் போடுகிறான், சாவைப் பற்றிப் பேசுகிறான்" என்று சொல்லி, அங்கே காட்ட ஒரு குறிப்பு எழுதி வாங்குங்கள். டிபி டாக்டர் அனுப்பியது என்றால் அம்மா தடுக்க மாட்டார்.

அங்கே போகும்போது டிபி மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ரிஃபாம்பிசின் உடம்பில் இருக்கும்வரை மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றை ஈரல் வேகமாக வெளியேற்றிவிடும், வழக்கமான அளவு போதாமல் போகலாம். டிபி சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசின் நின்ற சில வாரங்களில் அதே அளவு கூடுதலாகவும் ஆகிவிடலாம். அதனால் டிபி மாத்திரை முடியும் தேதியை மனநல மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, அதையொட்டி ஒருமுறை பார்க்க வரச் சொல்கிறாரா என்று கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரைக்குப் பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் எதுவும் மாறவில்லை என்று நிறுத்திவிட வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதை இரண்டு மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும், இந்த ஆறு மாதம் ஒரு சொட்டும் கூடாது.

டிபி குணமான அன்றே மனமும் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாத்திரை முடிந்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் வரச் சொல்வார்கள். நோய் திரும்புகிறதா என்று பார்க்கத்தான் அது. அந்தக் காலத்தில் சாதாரண சளி இருமல் வந்தாலும் "மறுபடியுமா" என்று அவன் நடுங்குவான். பயப்படாமல் சளியைக் கொடுத்துப் பார்த்துவிடுவதுதான் அதற்கு மருந்து.

நீங்கள் சரியாகத் தூங்குகிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. 14416 நோயாளிக்கு மட்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. சளி முடிவு வந்த பிறகு எழுதுங்கள். அதற்குள் அவனிடம் நேராகக் கேட்கும்போது பதில் பயமுறுத்துவதாக இருந்தால், கடிதத்துக்குக் காத்திராமல் ஸ்டான்லிக்குப் போய்விடுங்கள்.